மூன்று குரல், ஊருக்கொரு வழி: ஜார்ஜிய ஆண்களின் கூட்டுப் பாடலை எப்படிப் புரிந்துகொள்வது?

நீளமான சாப்பாட்டு மேசை. அது நிறையத் தட்டுகளும் ஒயின் குவளைகளும். சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள். ஒருவர் கண்ணை மூடி ஒரு வரியை எடுக்கிறார். அடுத்தவர் அதற்கு மேலே ஏறுகிறார். மற்றவர்கள் எல்லாரும் ‘ஓ’ என்று அடியில் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட காணொளிகள் இணையத்தில் ஏராளமாகச் சுற்றுகின்றன. இந்த ஜார்ஜியா அமெரிக்க மாநிலம் அல்ல. காக்கசஸ் மலைக்குத் தெற்கே, கருங்கடலை ஒட்டியிருக்கும் நாடு. பரப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி, மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு.

முதல்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, “சுருதி சேரவில்லையே.” மற்றது, “ஏதோ சர்ச் பாட்டு போல.” இரண்டும் தவறு. ஆனால் இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, அதைக் கீழே பார்ப்போம். அதைவிடப் பெரிய தவறு, இது எல்லாமே ஒரே பாணி என்று எண்ணுவதுதான். அந்தத் தவறை விவரம் தெரிந்தவர்களும் செய்கிறார்கள்.

யுனெஸ்கோவையே எடுத்துக்கொள்ளலாம். ஜார்ஜியாவின் பலகுரல் பாடலை அது 2001இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. 2008இல் அது அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கான அறிமுகக் குறிப்பு ‘சக்ருலோ’ என்ற புகழ்பெற்ற பாட்டைப் பற்றிப் பேசும்போது, அதன் சிறப்பு ‘கிரிமன்சூலி’ என்ற கூவல் குரல் என்கிறது. சிக்கல் என்னவென்றால், சக்ருலோ நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள கஹேதியின் பாட்டு. கிரிமன்சூலி மேற்கே, கருங்கடல் ஓரத்துக் குரியாவின் குரல். இரண்டையும் ஒரே பாட்டில் வைப்பது, வேறு வேறு ஊர்க் கோயில்களின் மூலவரையும் உற்சவரையும் ஒரே தேரில் ஏற்றுவது மாதிரி. இவ்வளவு பெரிய அமைப்பே தடுமாறும் இடத்தில் மற்றவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

## முதலில் சில சொற்கள்

1. ஆண் பாடகர் குழு. இந்தப் பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. வேல்ஸ் நாட்டின் புகழ்பெற்ற ஆண் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் தேவாலயங்களிலும் வளர்ந்தவை. அச்சிட்ட இசைக்குறிப்பு, நான்கு பிரிவுகள், முன்னால் கை அசைக்கும் ஒரு நடத்துநர், போட்டி மேடை என்று அதற்கு ஓர் அமைப்பு உண்டு. ஜார்ஜியக் கிராமத்தில் இதில் எதுவும் கிடையாது. குறிப்பு இல்லை, நடத்துநர் இல்லை. பாடத் தெரிந்த மூன்று பேர் இருந்தால் போதும்.

2. பலகுரல் இசை. நூறு பேர் சேர்ந்து பஜனை பாடினாலும் மெட்டு ஒன்றுதான். அது ஒருகுரல் இசை. மூன்றே பேர் ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு மெட்டுகளைப் பாடி, அவை ஒன்றோடொன்று பொருந்தினால் அது பலகுரல் இசை. எத்தனை பேர் என்பது கணக்கில்லை, எத்தனை மெட்டு என்பதே கணக்கு.

3. ஒத்து. நாதஸ்வரக்காரர் ஆலாபனை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பாரே, அந்த ஒத்துதான். ‘ஒத்து ஊதுவது’ என்று ஏளனமாகச் சொல்லப் பழகிவிட்டோம். ஜார்ஜியாவில் அது ஏளனத்துக்குரிய வேலையே இல்லை. கிழக்கு ஜார்ஜியாவில் ஒரு கூட்டமே அதைச் செய்கிறது.

4. குரல்களின் பெயர்கள். அடிக்குரலுக்கு ‘பானி’ என்று பெயர். நம் ‘பாணி’க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்ற இரண்டு குரல்களின் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். ‘சொல்பவர்’, ‘தொடங்குபவர்’, ‘அழைப்பவர்’ என்ற பொருளில் அமைந்த பெயர்கள். நாட்டுப் பாடலில் தொடங்குபவர் பெரும்பாலும் நடுக்குரல்காரர். மெட்டு மேலேதான் இருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்டால் முதல் தடுமாற்றம் இங்கேயே வந்துவிடும்.

இந்த மூன்று குரல் முறை எவ்வளவு பழையது? 11–12ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜார்ஜியத் தத்துவ அறிஞர் இயோவானே பெத்ரிட்சி, கிறிஸ்தவத்தின் மும்மையை (தந்தை, மகன், ஆவி) விளக்க வந்த இடத்தில் இசையின் மூன்று குரல்களையும் தனித்தனிப் பெயரோடு குறிப்பிடுகிறார். ஆக, 900 ஆண்டுகளுக்கு முன்பே அது உவமையாகச் சொல்லும் அளவுக்குத் தெரிந்த விஷயம்.

## மூன்று குரலைச் சேர்க்கும் வழிகள்

ஜார்ஜிய இசையறிஞர்கள் இசை வட்டாரங்களை ஏறக்குறைய 15 என்று கணக்கிடுகிறார்கள். பேச்சுக்கு வட்டார வழக்கு இருப்பதுபோல இசைக்கும் வட்டார வழக்கு உண்டு என்பது அவர்கள் பார்வை. எல்லாவற்றையும் அடுக்கத் தேவையில்லை. மூன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை பிடிபடும்.

கஹேதி: அசையும் ஒத்தும் அலையும் இரு குரலும்

கிழக்கே அலசானி ஆற்றுச் சமவெளி, திராட்சைத் தோட்டங்களின் நாடு. இங்கே ஒரு கூட்டம் ஒத்தைப் பிடிக்க, அதன்மேல் இரண்டு தனிப்பாடகர்கள் மாறி மாறியும் சேர்ந்தும் பாடுகிறார்கள். மேல் குரல்கள் நீளமாக இழுத்து, வளைத்து, சுரத்தை உருட்டிப் பாடும். கமகத்துக்குப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடித்துவிடும்.

ஆனால் ஒத்து நம் தம்புரா மாதிரி பாட்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை. பாதியில் அது ஒரு படி நகரும், அப்போது மேலே உள்ள மெட்டின் நிறமே மாறிவிடும். தம்புரா வாசிப்பவர் கச்சேரி நடுவில் ‘ச’வை மாற்றி வைத்துவிட்டால் எப்படி இருக்கும்? அந்த அதிர்ச்சியை இங்கே வேண்டுமென்றே அழகாகச் செய்கிறார்கள்.

இவை பெரும்பாலும் விருந்துப் பாட்டுகள். ஜார்ஜிய விருந்துக்கு ‘சுப்ரா’ என்று பெயர். அதை நடத்திச் செல்பவர் ‘தமாதா’. அவர் ஒவ்வொன்றுக்காகவும் குவளை உயர்த்துவார்: இறந்தவர்களுக்கு, பெற்றோருக்கு, வந்த விருந்தினருக்கு. சொல் முடிந்ததும் அதற்கேற்ற பாட்டு வரும். சக்ருலோ இப்படிப்பட்ட மேசையில் பிறந்த வீரப் பாட்டு. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க ஒலித்தட்டில் உள்ள 27 இசைப் பதிவுகளில் அதுவும் ஒன்று. இந்தியாவிலிருந்து சென்ற கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் அதே தட்டில்தான் பயணம் போகிறது.

ஸ்வனேதி: ஒன்றாக நகரும் பாறை

வடமேற்கே காக்கசஸின் உச்சிப் பள்ளத்தாக்குகள். உஷ்குலி என்ற ஊர் 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஸ்வான் மொழி ஜார்ஜிய மொழிக்கு உறவு என்றாலும் தனி மொழி, தலைநகர் திபிலிசிக்காரருக்குப் புரியாது.

இங்கே ஒத்து இல்லை, உருட்டலும் இல்லை. மூன்று குரல்களும் தோளோடு தோள் சேர்த்து ஒரே சமயத்தில் அடியெடுத்து வைக்கின்றன. குரல்களின் வீச்சு குறுகலானது. மூன்றும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் நின்று உரசிக்கொண்டே நகரும். கடைசியில் வந்து சேரும். பழைய பாட்டுகளில் பல சொற்களின் பொருள் பாடுகிறவர்களுக்கே தெரியாது. பல பாட்டுகள் வட்டமாகக் கைகோத்து ஆடும் ஆட்டத்தோடு சேர்ந்தவை.

ஸ்வனேதியின் ‘ஸாரி’யைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் ஆண்கள் மூன்று குரலில் பாடும் இரங்கல் அது. அதில் சொற்களே கிடையாது, ‘வோய்’, ‘வாய்’ போன்ற ஒலிகள்தான். பெண்கள் தனித்தனியாகச் சொல் வைத்து அழுது பாடுவார்கள். ஆண்களின் துக்கத்துக்குச் சொல் இல்லை, ஒலி மட்டும். நம் ஒப்பாரியில் சொல்தான் உயிர் என்பதால் இதைக் கேட்கும்போது வித்தியாசம் முகத்தில் அடிக்கிறது.

குரியா: மூன்று பேர், மூன்று பிடிவாதம்

மேற்குக் கடலோரம். பலகுரல் இசையின் சிக்கல் உச்சத்துக்குப் போவது இங்கேதான். குரியாப் பாட்டில் குரலுக்கு ஒருவர் வீதம் மூன்றே பேர் போதும். மூவரும் தனித்தனி வழியில் போவார்கள். ஒருவர் மேலே ஏறும்போது இன்னொருவர் இறங்குவார், அடிக்குரல்காரர் சும்மா நிற்காமல் குதித்துக்கொண்டிருப்பார். உச்சியில் கிரிமன்சூலி: நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளக் குரலுக்கும் மறுபடி கீழுக்கும் நொடிக்கு நொடி தாவும் கூவல். அதற்கு உறவான இன்னொரு உச்சக்குரலின் பெயர் ‘கம்கிவானி’, சேவல்போலக் கூவுபவர் என்று பொருள். சொற்கள் குறைவு. நம் ‘தன்னானே’, ‘ஏலேலோ’ போலப் பொருளற்ற அசைகளே பாட்டில் பெரும்பகுதியைச் சுமக்கும்.

இதில் முக்கியம், முன்கூட்டி முடிவு செய்த மெட்டு கிடையாது என்பது. பாட்டின் எலும்புக்கூடு எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருவரிடமும் தன் குரலுக்கான பல வகைகள் கையிருப்பில் இருக்கும். எதை எப்போது எடுப்பது என்பதை மற்ற இருவரையும் கேட்டுக்கொண்டே அந்தக் கணத்தில் முடிவு செய்கிறார்கள். தேர்ந்த மூவர் ஒரு பாட்டை ஒரே மாதிரி இரண்டு தடவை பாடினால் அது அவர்களுக்குப் பெருமையில்லை.

குரியாவிலும் அதன் தெற்கே அச்சாராவிலும் வயல் பாட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ‘நதூரி’ என்ற இந்தப் பாட்டுகள், ஊரே சேர்ந்து ஒருவர் வயலில் மக்காச்சோளம் கொத்திக் கொடுக்கும்போது பாடப்படுபவை. நம் ஊரில் ஒருவர் வயலுக்கு மற்றவர் மாற்றாள் போவதுபோல. கொத்துகிறவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மாற்றி மாற்றிப் பாடுவார்கள், வேகம் கூடிக்கொண்டே போகும். இதில் குரல்கள் நான்கு. ஒத்துக் குரல் அடியில் இல்லாமல் நடுவில், பானிக்கு மேலே நிற்கும். உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத கட்டுமானம் இது. வெயிலில் மண்வெட்டியோடு நின்ற விவசாயிகள் கட்டியது என்பதை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. சமெக்ரேலோவின் பாட்டுகள் மென்மையானவை, ‘சொங்குரி’ என்ற நரம்புக் கருவியோடு வரும். கார்ட்லி கஹேதிக்கு நெருக்கம். வடகிழக்கு மலைகளில், குறிப்பாக ஹெவ்சுரேதியில், பலகுரல் மிக எளியது. தனிக்குரல் பாட்டே அதிகம். தெற்கே மெஸ்கேதியில் 20ஆம் நூற்றாண்டில் பலகுரல் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. ஆகவே ‘ஜார்ஜியர் எல்லாரும் மூன்று குரலில் பாடுவார்கள்’ என்பதும் அரை உண்மைதான்.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ‘ம்ரவல்ஜமியெர்’ என்று தேடுங்கள். ‘பல்லாண்டு’ என்று வாழ்த்தும் சொல் அது. அநேகமாக எல்லா வட்டாரத்திலும் அந்தப் பெயரில் பாட்டு இருக்கிறது, ஆனால் பாட்டு ஒன்றல்ல. கஹேதியின் வாழ்த்தையும் குரியாவின் வாழ்த்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் மேலே சொன்ன எல்லாமே ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

## சுருதி சேரவில்லையா?

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

முதல் காரணம், எந்தச் சுரங்களைச் சேர்க்கிறார்கள் என்பது. மேற்கத்திய இசையும் அதைப் பின்பற்றும் சினிமா இசையும் நம் காதுக்குப் பழக்கிவிட்ட கூட்டொலி ச–க–ப. அது இனிக்கும். ஜார்ஜியாவில் அடிக்கடி வருவது ச–ம–ப. ‘ம’வும் ‘ப’வும் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே நேரத்தில் ஒலித்தால் உரசும். அந்த உரசல் அவர்களுக்குப் பிழையாகத் தோன்றுவதில்லை. அதில் ஒரு பலம் இருக்கிறது. நெருக்கமாக நின்று பாடும்போது அந்த அதிர்வை உடம்பிலேயே உணரலாம்.

இரண்டாவது காரணம், சுரங்களின் இடைவெளி. இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரையுள்ள தூரத்தை 1,200 சென்ட் என்று வைத்துக்கொள்கிறார்கள் (நிலம் அளக்கும் சென்ட் அல்ல). பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். ஒரு முழுச் சுரம் 200. பழைய ஜார்ஜியப் பாடகர்களின் பதிவுகளை அளந்தால் அடுத்தடுத்த படிகள் பெரும்பாலும் 100ஆகவும் இல்லை, 200ஆகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், 200க்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. விளைவு: காந்தாரம் சாதாரணமாகவும் இல்லை, அந்தரமாகவும் இல்லை, நடுவாந்தரமாக ஒலிக்கிறது.

இதை எப்படி விளக்குவது என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை.

1. ஒரு தரப்பு: ச–ச தூரத்தை ஏழு சமப் படிகளாக வெட்டுகிறார்கள். 1,200ஐ 7ஆல் வகுத்தால் ஒரு படி ஏறத்தாழ 171.

2. இன்னொரு தரப்பு: அவர்களுக்கு முக்கியம் ச–ப. அந்தச் சுத்தமான 702 சென்ட் தூரத்தை நான்கு சமப் படிகளாக வெட்டுகிறார்கள். ஒரு படி 175 சொச்சம்.

3. மூன்றாம் தரப்பு: நிலையான அளவே கிடையாது. ச–ம, ச–ப போன்ற கூட்டொலிகளைச் சுத்தமாகப் பிடிக்கிறார்கள். மற்றதெல்லாம் மெட்டின் போக்குக்கு ஏற்ப வளைகிறது.

171க்கும் 175க்கும் உள்ள வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது. பிறகு ஏன் சண்டை? ஏழு படி ஏறிப் பார்த்தால் தெரியும். முதல் கணக்கில் மேல் ‘ச’ சரியாக வந்துவிடும். இரண்டாவது கணக்கில் அது 1,228ஆகித் தாண்டிப்போகும். குறுகிய வீச்சுள்ள ஸ்வனேதிப் பாட்டில் இந்தக் கேள்வியே எழாது. அகன்ற வீச்சுள்ள பாட்டில் எழும். மூன்றாம் தரப்புதான் பாடகர்கள் உண்மையில் செய்வதற்கு நெருக்கமாகத் தெரிகிறது. யாரும் மனதில் அளவுகோல் வைத்துக்கொண்டு மேசையில் உட்காருவதில்லை.

இன்னொன்று: ஸ்வனேதிப் பாட்டு தொடங்கிய சுருதியில் முடியாது. மூவரும் சேர்ந்து மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போவார்கள். ஒருவர் மட்டும் ஏறினால் பிசகு. மூவரும் ஒரே அளவில் ஏறினால்?

இதையெல்லாம் அளக்க முன்வந்தவர்களில் ஒருவர் பூகம்ப ஆய்வாளர் என்பது வேடிக்கை. ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஷெர்பாம், 2016இல் ஸ்வனேதிக்குப் போய்ப் பாடகர்களின் தொண்டையில் ஒட்டும் மைக்கை வைத்துப் பதிவு செய்தார். சாதாரண மைக்கில் மூன்று குரலும் கலந்துவிடும். தொண்டை மைக், அந்தந்தத் தொண்டையின் அதிர்வை மட்டும் எடுக்கும். சேர்ந்து பாடியபடியே மூவரையும் தனித்தனியாக அளக்கலாம். பூமியின் அதிர்வை அளந்து பழகியவருக்குத் தோன்றக்கூடிய யோசனைதான்.

## ஏன் ஆண்கள் மட்டும்?

மட்டும் இல்லை என்பதே சரியான பதில். பொதுவெளிப் பாட்டு பெரும்பாலும் ஆண்களுடையது: விருந்து மேசை, கூட்டு வயல் வேலை, போருக்குப் புறப்படுவது, தேவாலய வழிபாட்டுக் குழு. கிழக்கே மாட்டுவண்டிக்காரர் இரவில் தனியாகப் பாடும் ‘உர்முலி’யும் ஆணின் பாட்டு. பெண்களின் பாட்டு வீட்டுக்குள் இருந்தது: தாலாட்டு, இழவுப் பாட்டு, நோய் தீர்க்கும் பாட்டு.

நோய்ப் பாட்டு தமிழர்களுக்கு விளக்கமே தேவைப்படாத ஒன்று. குழந்தைக்கு அம்மை கண்டால் ‘பட்டோனெபி’, அதாவது எஜமானர்கள், வீட்டுக்கு விருந்தாக வந்துவிட்டார்கள் என்று கொள்வார்கள். அவர்களைக் கோபப்படுத்தக் கூடாது. வீட்டை அலங்கரித்து, இனிமையாகப் பாடி, மகிழ்வித்து வழியனுப்ப வேண்டும். ‘இயவ்னானா’ என்ற அந்தப் பாட்டு தாலாட்டின் மெட்டிலேயே வருவது. வேப்பிலை கட்டி, மாரியம்மன் தாலாட்டு படித்து, அம்மை ‘இறங்க’க் காத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது அயல்நாட்டு வழக்கமாகவே படாது.

மேடைக்கும் ஒலித்தட்டுக்கும் முதலில் போனது ஆண்களின் பொதுவெளிப் பாட்டு. அதனால் ‘ஜார்ஜிய இசை’ என்றாலே ஆண் குரல் என்று ஆகிவிட்டது. பெண் குழுக்கள் வெளிநாட்டு மேடைகளில் பரவலாகத் தெரிய ஆரம்பித்தது வெகு பிற்பாடுதான்.

## பாட்டு ‘குழு’வான கதை

1885இல் லாதோ அக்னியாஷ்விலி என்பவர் திபிலிசியில் ஒரு பாடகர் குழுவைத் தொடங்கினார். நடத்துநராக வந்தவர் ஜோசப் ராட்டில் என்ற செக் நாட்டுப் பாடகர். 1886இல் முதல் கச்சேரி. அப்போது ஜார்ஜியா ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதி. நகரத்துப் படித்தவர்கள் ரஷ்ய, இத்தாலிய இசையின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ‘எங்கள் கிராமத்துப் பாட்டும் மேடைக்கு ஏறும்’ என்று காட்டியது அந்தக் கச்சேரி. அதன் அரசியல் முக்கியத்துவத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டுக்கு என்ன நேர்ந்தது?

1. ஆள் பிரிவாக மாறினார். மூவர் பாடிய குரியாப் பாட்டை முப்பது பேர் பாட வேண்டுமானால் குரலுக்குப் பத்துப் பேர். பத்துப் பேர் ஒரே நேரத்தில் மனோதர்மமாகப் பாட முடியாது. எல்லாரும் ஒன்றையே மனப்பாடம் செய்தாக வேண்டும்.

2. அப்படி மனப்பாடமான ஒரு வடிவம் ‘சரியான’ வடிவமாயிற்று. மற்ற வடிவங்கள் மெல்ல மறைந்தன.

3. வட்டாரங்கள் கலந்தன. குரியா விவசாயி கஹேதிப் பாட்டைப் பாட வேண்டிய தேவை வாழ்நாளில் வராது. மேடைக் குழு ஒரே மாலையில் இரண்டையும் பாடும், ஒரே குரல் பயிற்சியோடு. இடுக்கில் ஸ்வனேதியும் வரும்.

4. நடுவாந்தரக் காந்தாரம் பியானோவின் பக்கம் நகர்ந்தது. இசைப்பள்ளியில் படித்த நடத்துநரின் காது அதைப் பிசகாகக் கேட்டுத் ‘திருத்தும்’.

சோவியத் காலம் இதைப் பெரிதாக்கியது. அரசுக் குழுக்கள், பெரிய பாடகர் படை, நடனத்தோடு சேர்ந்த மேடை நிகழ்ச்சி. மதப் பாட்டுக்கு இடமில்லை. ‘சர்ச் பாட்டு போல இருக்கிறதே’ என்ற இரண்டாவது குழப்பத்துக்கும் விடை இங்கே கிடைக்கும்: ஜார்ஜியத் திருச்சபையின் வழிபாட்டுப் பாடலும் மூன்று குரல்தான். பைசாந்திய (பழைய கிரேக்கக் கிறிஸ்தவ) வழிபாட்டு இசை ஒருகுரல் இசை. ஜார்ஜியர்கள் தம் மூன்று குரல் பழக்கத்தைக் கோயிலுக்குள்ளும் கொண்டுபோய்விட்டார்கள். ஆக, மேசைப் பாட்டு கோயில் பாட்டாகத் தோன்றினால் காது பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

1968இல் அன்சோர் எர்கோமாய்ஷ்விலி ‘ருஸ்தவி’ என்ற குழுவைத் தொடங்கினார். ஏழு தலைமுறையாகப் பாடும் குரியாக் குடும்பம் அவருடையது என்பார்கள். கூட்டத்தைக் குறைத்து, வட்டாரப் பாணிகளைப் பிரித்துக் காட்ட முயன்ற குழு அது. கூடவே பழைய ஒலித்தட்டுகளையும் அவர் தேடி அலைந்தார். பிரிட்டனின் கிராமபோன் கம்பெனி 1901 முதல் 1914 வரை ஜார்ஜியாவில் கிராமத்துப் பாடகர்களை உட்காரவைத்துப் பதிவு செய்திருந்தது. 1907இல் பதிவானவர்களில் அவருடைய கொள்ளுத்தாத்தா கிகோவும் ஒருவர். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜார்ஜிய வீரர்களை ஜெர்மானிய, ஆஸ்திரிய முகாம்களில் பாடவைத்து எடுத்த மெழுகு உருளைப் பதிவுகளும் இருக்கின்றன.

ருஸ்தவியின் பாட்டு மெருகு கூடிப்போனது, மேடைக்கு ஏற்றாற்போல் பளபளப்பானது என்று இன்றைய இளம் குழுக்கள் குறை சொல்கின்றன. குறை நியாயமானதே. ஆனால் அந்தக் குறையைக் கண்டுபிடிக்க அவர்கள் ஒப்பிடும் பழைய பதிவுகளைத் தேடி எடுத்து வந்ததில் பெரும்பங்கு அதே அன்சோருக்கு உண்டு.

## தனியாகப் பாடிய மூன்று குரல்

கோயில் பாட்டின் கதை இன்னும் இறுக்கமானது. 1811இல் ரஷ்யப் பேரரசு ஜார்ஜியத் திருச்சபையின் தன்னுரிமையைப் பறித்தது. ரஷ்ய வழிபாட்டு இசை உள்ளே வந்தது. உள்ளூர்ப் பாடல் வழக்கொழியத் தொடங்கியதும், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சிலர் அதை இசைக்குறிப்பாக எழுதிவைக்க முனைந்தார்கள். அவர்களில் முன்னோடி பிலிமோன் கோரிட்ஸே என்ற ஆப்பெரா பாடகர். ஆயிரக்கணக்கான பாடல்கள் தாளில் ஏறின. ஆனால் ஐந்து கோட்டு மேற்கத்தியக் குறிப்பில் நடுவாந்தரக் காந்தாரத்துக்குக் குறியே கிடையாது. மெட்டு பிழைத்தது. இடைவெளி எப்படி இருந்தது என்பது தாளில் இல்லை.

அந்தக் கேள்விக்கு இன்று இருக்கும் மிகச் சிறந்த சாட்சி ஆர்தெம் எர்கோமாய்ஷ்விலி, அன்சோரின் தாத்தா. குரியாவின் ஷெமோக்மேதி மடத்துப் பாடல் மரபில் பயின்றவர், 1887இல் பிறந்தவர். மூன்று குரல்களையும் மனப்பாடமாக அறிந்திருந்தார். 1966இல், தம் 79ஆம் வயதில், திபிலிசி இசைக்கல்லூரியில் நூறுக்கும் மேற்பட்ட வழிபாட்டுப் பாடல்களைப் பதிவு செய்தார். கூடப் பாட அந்த மரபு தெரிந்தவர்கள் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. எனவே முதலில் மேல்குரலைத் தனியாகப் பாடினார். அதை ஒரு டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு, கேட்டுக்கொண்டே நடுக்குரலைப் பாடினார். அது இரண்டும் ஓட, கடைசியாகப் பானியைப் பாடினார். அடுத்த ஆண்டு காலமானார்.

அந்த நாடாக்களில் ஒவ்வொரு பாட்டும் மூன்று தடவை வருகிறது. முதலில் ஒரு குரல், பிறகு இரண்டு, பிறகு மூன்று. சுருதிச் சண்டையில் இருக்கும் ஆய்வாளர்கள் கணினியில் போட்டுப் படிக்கு படி அளந்துகொண்டிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு கிழவரின் தொண்டையைத்தான்.